மானிட்டரை மாத்தும்மா

எங்கள் ஊரில் அச்சடித்த தாளைப் பிரஸ்ஸுக்குள் வைத்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே எரியும் டியூப்லைட்டுக்கு என்று ஒரு சாயம் உண்டு. அது தாளின் மேல் விழுந்து வண்ணத்தைத் திரித்துவிடும். மெஷின் ஓட்டுகிறவர் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி, மை காயுமுன் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார். அவருக்குப் பின்னால் பிரஸ் அண்ணாச்சி. அண்ணாச்சிக்குப் பின்னால், லேபிள் வரைந்து கொடுத்தவள் என்ற முறையில், நான். வெயிலில் நின்று தாளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்ப்போம். சிவகாசி வெயில் யாருக்கும் சலுகை காட்டாது. அதன் முன்னால் சிவப்பு சிவப்பாக நிற்க வேண்டும்.

அந்த மாசி மாதக் காலையில் கையில் இருந்தது பூச்சட்டிப் பெட்டிக்கான லேபிள். தரையில் வைத்துத் திரியைக் கொளுத்தினால் குடைபோல் எழுந்து பொன்னாகக் கொட்டுமே, அந்தப் புஸ்வாணத்துக்கான பெட்டி. இரவு வானம், நடுவில் மஞ்சள் மழை, மழைக்குள் ஒரு மயில். பட்டாசுக் கம்பெனிக்காரர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த வானத்தோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருந்தேன். திரையில் அது அழுக்குத் துணியாகவே கிடந்தது. நீலத்தை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். மஞ்சள் மட்டும் அப்பிக்கொண்டு நின்றது, குறைத்தேன். கடைசியில் வானம் வானமாகவும் பூ பூவாகவும் ஆன பிறகு, மனசு நிறைந்துதான் ஃபைலை அனுப்பினேன்.

அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"என்ன தாயி, வானம் மைக்கூட்டுக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"மை நான் சரியாத்தான் விட்டிருக்கேன் அண்ணாச்சி," என்றார் மெஷின்காரர். "பைல்லயே அப்படித்தான் இருக்கு."

"ஒன்னய யாருய்யா சொன்னா? பூவப் பாரேன், வெளுத்துக் கெடக்கு. இந்த மயிலுக்கு ரத்தம் ஏத்தணும் போல."

மெஷின்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். "ஆமா அண்ணாச்சி, நீலம் தூக்கிருச்சி" என்றேன்.

ஒப்புக்குத்தான் சொன்னேன். ஏனென்றால், அவர்கள் சொன்னது எனக்குத் தெரியவில்லை. பளீரென்ற வெயிலில், என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, அந்தத் தாள் எனக்கு அழகாகத்தான் இருந்தது.

"ஒம்மேல தப்பு இல்ல," என்றார் அண்ணாச்சி. "அந்த மானிட்டர் பளசாயிருச்சி. எம்புட்டு நாளைக்குத்தான் அதுவும் ஒளைக்கும்? மானிட்டரை மாத்தும்மா."

அந்த வார்த்தையை நான் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மானிட்டர்தான். மானிட்டரைத் தவிர வேறென்னவாக இருக்க முடியும்? வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். ஆனால் சொல்லிக்கொள்ளாத ஒன்றும் கூடவே வந்தது. சில மாதங்களாகக் கொடியில் காயும் வேட்டி வாங்கிய புதிதிலேயே பழசாகத் தெரிகிறது. சாயங்காலம் வீட்டுக்காரரின் வேன் தெருமுனை திரும்பும்போது அதன் முகப்பு விளக்கு கம்பி மத்தாப்பாகப் பொரிகிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அதற்கும் மேலே இன்னொரு பயம். எங்கள் தொழிலில் கண்தான் கை. "அந்த அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சாம்ல" என்று ஒரு பிரஸ்ஸில் காலையில் பேசினால், டீ வரும் நேரத்துக்குள் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நல்லாத்தான் இருக்கீகளா என்று விசாரிப்பார்கள். ஃபைல் மட்டும் வராது. தீபாவளி சீசனுக்கான ஆர்டர் வேறு யாரோ ஒருவரின் திரையில் திறந்துகொள்ளும்.

மானிட்டர் கெட்டிருந்தால் கடைக்குப் போகலாம். கண் கெட்டிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கடைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

என் மானிட்டர் தையல் மிஷின் மேசையின் மேல் இருக்கிறது. மிஷின் எப்போதோ பரணுக்குப் போய்விட்டது, மிதி மட்டும் கீழே இருக்கிறது. யோசிக்கும்போது என் கால் தானாக அதை மிதித்துக்கொண்டிருக்கும். திரையின் இடது கீழ் மூலை கொஞ்சம் இருட்டு. சிவப்பு ஒரு பிடி ரோஸாகத் தெரியும். அந்தக் குறைகளெல்லாம் என் கைக்கு மனப்பாடம். திரையில் ரோஸாகத் தெரிந்தால் தாளில் மிளகாய்ப்பழமாக வரும் என்று கைக்குத் தெரியும். வீட்டுக்காரர் தன் வேனின் பிரேக்கைப் பற்றி அப்படித்தான் சொல்வார். புதிதாக ஒருவர் மிதித்தால் பிடிக்காது, அவர் மிதித்தால் பிடிக்கும். அதே திரை இப்போது என்னை ஏமாற்றுகிறதா? இத்தனை வருஷம் கழித்து ஏன்? மிதியை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலித்தது.

மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். போனில் சொன்னதும் அவளுக்கு உற்சாகம்.

"சும்மா மானிட்டர் வாங்காதம்மா, ஸ்மார்ட் மானிட்டர் வாங்கு. கம்ப்யூட்டரே இல்லாம ஓடும். வைஃபை இருக்கு, ரிமோட் இருக்கு. ஒனக்கு வேலைக்கு ஆச்சு, அப்பாவுக்கு டிவி ஆச்சு. அந்தப் பெரிய டிவிய எடுத்துட்டா முன் ரூம்ல நடக்கவாவது எடம் கெடைக்கும்."

"அதுல கலர் சரியாத் தெரியுமா?"

"சூப்பராத் தெரியும்."

"சூப்பரா வேணாம்டி. சரியாத் தெரியுமா?"

"ரிவ்யூ அனுப்புறேன், பாரு. ரொம்ப யோசிக்காத, ப்ளீஸ்."

ரொம்ப யோசிக்காதே என்று என்னிடம் சொல்வது, மழையிடம் நனைக்காதே என்று சொல்வதுபோல. அன்று முழுக்க ரிவ்யூ பார்த்தேன். ஒரு தம்பி புதுத் திரையைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினான், ஓரம் எவ்வளவு மெலிசு என்று விரலை வைத்துக் காட்டினான். கிளி, கடல், குங்குமப்பூ வயல் என்று ஓடவிட்டு, "கலர்ஸைப் பாருங்க மக்களே" என்றான். பார்த்தேன். அவனுடைய புதுத் திரையின் வண்ணங்களை என் பழைய திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கிளி லேசாக ரோஸாக இருந்தது.

ஒவ்வொரு வசதியும் எனக்கு ஒரு கவலையாக மாறியது. அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே தன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். அப்படியானால் காலையில் நான் வைத்த மஞ்சள் மதியம் என்ன ஆகும்? சினிமாவுக்கு ஒரு நிறம், விளையாட்டுக்கு ஒரு நிறம், படிப்பதற்கு ஒரு நிறம் என்று வேஷம் மாற்றுமாம். எந்த வேஷத்தில் இருக்கிறது என்று கவனிக்காமல் ஒரு ஃபைலை அனுப்பிவிட்டால்? கணக்குத் திறந்து உள்ளே நுழைய வேண்டும், கடவுச்சொல் வைக்க வேண்டும், நேரா நேரத்துக்கு அப்டேட் கேட்கும். கண்ணாடி நன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் செயலிகள் கிழடாகிவிடும், அப்புறம் அது வெறும் மானிட்டர்தான் என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். அவருக்கு ஒருவர், வெறும் மானிட்டராகவே வாங்கியிருக்கலாமே பாஸ் என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குப் புத்திசாலித் திரைதான் வேண்டும்போல இருந்தது. என்னைவிட அது நன்றாகப் பார்க்கும் என்று ஓர் ஓரத்தில் நம்பிக்கை. என் கண் தவறினாலும் அது பார்த்துக்கொள்ளும் என்று.

போனில் வருவதெல்லாம் திரையிலும் வருமாம். அதை மகள் ஒரு பெரிய வசதியாகச் சொன்னாள். அன்று மதியம் தெற்கே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் வந்து நின்றது. வீட்டுக்காரரின் வேன் ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வேன். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அவர் கேட்டுக்கு வெளியே நிற்பவர், அவரே கூப்பிட்டார்.

"நம்ம பக்கம் இல்ல. ஆலங்குளம் பக்கம், சுண்ணாம்புக் கல்லுக்கு வெடி வச்சிருக்கான். சோத்தத் தின்னுட்டு வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டுத் திரையில் மயிலின் கழுத்தைத் திறந்தேன். இனி இந்தக் குரலும் மயிலின் மேல்தான் வந்து விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவகாசிக் கடையில் வாங்க எனக்குத் தைரியமில்லை. அங்கே யாராவது பார்ப்பார்கள், எதற்கு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு லீவு நாள், வேனை எடுத்துக்கொண்டு விருதுநகர் போவோம் என்றேன்.

"ஏன், இங்கன இருக்கிற கடையில கரண்டு இல்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"அங்கன ரகம் நெறைய இருக்காம்."

"எனக்கென்ன, கிரிக்கெட்டு தெரிஞ்சாச் சரி."

ஆள் இல்லாத வேனில் போவது ஒரு மாதிரியாக இருக்கும். சீட்டுக்கு அடியில் உதிர்ந்த கனகாம்பரமும், ஜன்னல் சட்டத்தில் அலுமினியத் தூளின் மினுக்கமும், யாரோ மறந்த டிபன் பாக்ஸ் மூடி உருளும் சத்தமுமாக வண்டி போனது. என் மடியில் இரண்டு தாள்களைச் சுருட்டி வைத்திருந்தேன். ஒன்று கெட்டுப்போன பூச்சட்டி. இன்னொன்று பல வருஷத்துக்கு முன் நான் வரைந்த தரைச்சக்கர லேபிள். அண்ணாச்சி வாசலில் பார்த்து ஒரே மூச்சில் ஓகே சொன்னது. இரண்டின் ஃபைலும் பென் டிரைவில் இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம், அந்தப் புதுத் திரையில் பூச்சட்டி கேவலமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பழைய மானிட்டர் குற்றவாளி. நான் தப்பித்தேன். பைபாஸ் வரும்வரை அதையே வேண்டிக்கொண்டு போனேன்.

கடைக்குள் குளிர்ந்தது. சுவர் முழுக்கத் திரைகள். அத்தனையிலும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆற்றின் மேல் வாணவேடிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா பாரு, நம்ம சரக்கு," என்று கை நீட்டினார் வீட்டுக்காரர். "ஏம்மா, விருதுநகர்ல ஒக்காந்துக்கிட்டு எங்களுக்கே வெடி காட்டுறியா?"

கடையில் நின்ற பெண் சிரித்தாள். மகள் வயது இருக்கும். "கம்பெனில இருந்து அனுப்புற வீடியோண்ணே. கிளி போட்டா யாரும் நிக்க மாட்டேங்காக, இதப் போட்டாத்தான் நிக்காக. எந்த ஊருண்ணே?"

"சிவகாசி."

"அப்ப உங்களுக்கு வேற போடுதேன்," என்று கடல் போட்டாள்.

ஸ்மார்ட் மானிட்டரைக் காட்டினாள். கம்ப்யூட்டர் இல்லாமலே பென் டிரைவைச் செருகிப் படத்தைத் திறந்தாள். தரைச்சக்கரம் வந்தது. கண் கூசுகிற அளவுக்கு வந்தது. அந்தச் சிவப்பை நான் வரையவே இல்லை.

"இது எந்த வேஷத்துல இருக்கு?" என்றேன்.

"என்னக்கா?"

"கலர் மோடு."

"டைனமிக்ல இருக்குக்கா. அதுதான் நல்லாருக்கும்."

மாற்றச் சொன்னேன். ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என் சக்கரம் ஒரு புது ஆளாக நின்றது. கையில் இருந்த தாளை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடையின் விளக்கு தாளின் மேல் வெளிறிய நீலமாக விழுந்தது. இந்த விளக்கில் எப்படிப் பார்ப்பது? எதை நம்பிப் பார்ப்பது? அந்த இடத்தில், எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் செய்யாத ஒரு காரியத்தை நான் செய்தேன்.

"ஏம்மா, இதக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டுவர முடியுமா?"

"எத?"

"இந்த மானிட்டர. வெயில்ல வச்சுப் பாக்கணும்."

அந்தப் பெண் என்னையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொண்டுவா தாயி," என்றார் அவர். "இவுக அப்படித்தான். கல்யாணத்துக்குச் சேல எடுக்கப் போயி, கடக்காரன் தெருவுல நின்னான்."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மானிட்டரைக் கதவு ஓரம் ஒரு ஸ்டூலில் வைத்தோம். தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பங்குனி பிறக்க இன்னும் நாள் இருந்தது, வெயில் அதற்குக் காத்திருக்கவில்லை. தாளை வெயிலில் விரித்தேன், சக்கரம் தகதகவென்று சுழன்றது. திரையைப் பார்த்தேன். அதில் தரைச்சக்கரம் இல்லை. புழுதித் தெரு இருந்தது, எதிர்ப்புறத்து பேக்கரிப் பலகை இடவலம் மாறிய எழுத்தில் இருந்தது, நடுவில் கறுப்பாக என் முகம் இருந்தது.

"இப்ப ஒன்னயத்தான் வெலைக்கு வச்சிருக்காக போல," என்றார் வீட்டுக்காரர். நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வெட்கமாகத்தான் இருந்தது. தாளுக்கு வெளிச்சம் வெளியிலிருந்து வர வேண்டும், திரை தன் வெளிச்சத்தைத் தானே வைத்திருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டோடும் புழங்குகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பயந்தபோது கால் வாசலுக்குத்தான் போகிறது.

மறுபடி உள்ளே தூக்கி வைத்தோம். ஆட்டி அசைத்ததில் வயர் கழன்று அணைந்திருந்தது. "முதல்லருந்து செட் பண்ணிக் காட்டுதேன்க்கா," என்று அந்தப் பெண் ரிமோட்டில் எதையோ அழுத்தினாள். திரை முழுக்க வெள்ளையானது. நடுவில் சின்னதாக, மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்று இருந்தது.

வெயிலிலிருந்து வந்ததில் என் கண் இரண்டும் நீர் வடித்தன. முந்தானையால் இடது கண்ணை ஒற்றிக்கொண்டேன். வலது கண்ணால் அந்த வெள்ளையைப் பார்த்தேன். கோலமாவு வெள்ளை. பிறகு கையை மாற்றி வலது கண்ணை ஒற்றினேன்.

வெள்ளை போய்விட்டது. அங்கே ஜன்னலோரம் வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த காலண்டர்த் தாள் ஒன்று தொங்கியது.

கையை மாற்றினேன். வெள்ளை. மாற்றினேன். பழந்தாள். அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், வாரண்டி, இன்ஸ்டால்மெண்ட், செல்லுலயே கண்ட்ரோல் பண்ணலாம். என் காதில் வேன் எஞ்சின் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. திரை மாறவில்லை. யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.

பூச்சட்டித் தாளை எடுத்து விரித்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்தது. மை கொட்டிய வானம், ரத்தம் செத்த மயில், வெளுத்த பூ. இதையா அனுப்பினேன்? வலது கண்ணை மூடிக்கொண்டேன். அமைதியான ஒரு ராத்திரி, அதில் இதமாகக் கொட்டும் மஞ்சள். ஒரு வாரம் மல்லுக்கட்டி நான் வரைந்த வானம். இந்தக் கண்ணுக்காக மட்டும் வரைந்த வானம். இரண்டையும் திறந்தால் இந்தக் கண்தான் முந்திக்கொண்டது.

"ஏங்க," என்றேன். "ஒரு கண்ண மூடிக்கிட்டு அந்த வெள்ளையப் பாருங்க. பெறகு இன்னொரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

அவர் சொன்னபடி செய்தார். கடைப்பெண்ணும் செய்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளதான். எதுக்கு?"

"சும்மாதான்."

"நல்ல பீஸுக்கா," என்றாள் அந்தப் பெண். "வீட்டுக்குன்னா ரொம்ப நல்லாருக்கும். வேலையும் பாக்கலாம், படமும் பாக்கலாம்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரே அறையில் வேலையும் வீடும் நடக்கிறவர்களுக்கு, ஒரு திரையில் எல்லாம் வேண்டும் என்கிறவர்களுக்கு, அது நல்ல சாமான்தான். நிறத்தை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கத் தெரிந்தால் என் வேலைக்கும் ஆகும். ஆனால் அன்று நான் அதனிடம் கேட்டது வேறு. அது செய்ய முடியாததைக் கேட்டேன். "பெறகு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். படி எவ்வளவு உயரம் என்று கால் ஒரு நொடி தடுமாறியது. இதுவும் கண்தானா? இனி எல்லாமே கண்தானா?

வேனில் அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"வெலையா? வெலைன்னா சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போயிருக்கு?"

"மானிட்டர் நல்லாருக்கு."

"பெறகு?"

"எங்கண்ணுதான் நல்லா இல்ல."

சொல்லிவிட்டேன். மாதக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்ல எடுத்துக்கொண்டது அவ்வளவு நேரம்தான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த பேக்கரியையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை என் வலது கண்ணின் மேல் வைத்து மூடினார். டீசல் வாசனை அடித்தது.

"இப்ப நான் எப்படி இருக்கேன்?"

"பளைய ஆளா."

"அது ரெண்டு கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்," என்றார். குரல் மட்டும் சரியாக இல்லை. "ஏ, கண்ணாஸ்பத்திரி மதுரைல இருக்கு. நீ அத விருதுநகர்ல டிவி கடையிலயா தேடுவ? மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வெளிய தெரிஞ்சிரும்."

"நான் என்ன பஸ் ஸ்டாண்டுல மைக்கு கட்டியா சொல்லப் போறேன்?" வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனபின், "அண்ணாச்சிட்ட இப்பச் சொல்லாத" என்றார். "எல்லாம் சரியாகட்டும். பெறகு சொல்லிக்கிடலாம். சீசன் நேரம்."

அவருக்கும் அதே பயம் வந்துவிட்டது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என்னிடம் மட்டும் இருந்தபோது அது சந்தேகம்போல இருந்தது, இப்போது வீட்டுச் சமாசாரம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கைக்குட்டையை மடித்து, வேலைக்கு மட்டும் போடுகிற என் மூக்குக்கண்ணாடியின் இடது சில்லுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன். பழைய மானிட்டரைப் போட்டேன். அதன் இருட்டு மூலை, அதன் ரோஸ் சிவப்பு, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு பாவமும் அறியாத அதன் மேல் எத்தனை பழி போட்டேன். பூச்சட்டியைத் திறந்து நீலத்தை இறக்கினேன். இறக்க இறக்க வானம் பின்னால் போனது, பூ முன்னால் வந்தது. ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாமல் டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். பரவாயில்லை என்று மிதியை மிதித்தேன். மகள் போன் செய்து வாங்கியாச்சா என்று கேட்டாள். "இன்னும் யோசிக்கேன்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் இங்கே வரை கேட்டது.

மறுநாள் திங்கள். பிரஸ்ஸில் மெஷின் ஓட ஆரம்பித்து, மை ஒரு நிலைக்கு வந்ததும், மெஷின்காரர் ஒரு தாளை உருவினார். வாசலுக்கு வந்தோம். அவர், அண்ணாச்சி, பின்னால் நான். வெயில் தாளின் மேல் விழுந்தது. அண்ணாச்சி சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார்.

நான் பார்த்தாக வேண்டும். இந்தமுறை ஆமா போட என்னால் முடியாது. இடது கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். மயிலுக்கு ரத்தம் வந்திருந்தது. பூ கொட்டியது. வானம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றது.

"இதுல்ல பூச்சட்டி!" என்றார் அண்ணாச்சி. "பாத்தியா, நான் சொன்னேன்ல? மானிட்டரை மாத்திட்டியா?"

ஆமா என்றால் முடிந்துவிடும். ஒரு சொல். மெஷின்காரர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது, சீசன் முழுக்க முன்னால் கிடந்தது. வீட்டுக்காரர் சொன்னது காதில் இருந்தது. ஆமா என்றால் அடுத்த ஃபைல் வரும். அதற்கடுத்ததும் வரும். ஒவ்வொரு முறையும் இந்த வாசலில் நான் எதையாவது சாக்குச் சொல்லிக் கண்ணை மூட வேண்டும். ஒருநாள் வலது கண்ணும் பழந்தாளாகும், அன்று எனக்கு அது தெரியக்கூடச் செய்யாது. அண்ணாச்சி மறுபடியும், மானிட்டரை மாத்தும்மா என்பார்.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "அதே மானிட்டர்தான். அதுல ஒண்ணும் இல்ல."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என் கை இன்னும் இடது கண்ணின் மேல்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன், அல்லது எடுக்கவில்லை.

"எம்புட்டு நாளா?"

"தெரியல. எனக்கே நேத்துதான் சரியாத் தெரிஞ்சது. மதுரைக்குப் போகணும்."

மெஷின்காரர் ஒரு தடவை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டீ வரும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. என் சொல் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"போயிட்டு வா," என்றார் அண்ணாச்சி. அடுத்த ஃபைலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளே போகிறவர் போகாமல், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடி, எதிர்ச் சுவரின் சுண்ணாம்பு வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.